கோப்பியை வீழ்த்திய பங்கசும் மாவனல்லையில் எஞ்சிய செடியும்

கண்டியிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்படுவோர் கடுகண்ணாவைச் சரிவில் இறங்கிச் சிறிது தூரம் சென்றதும் மாவனல்லையை அடைவர். அங்கே மகா ஓயாவின் குறுக்கே, ஆங்கிலேயர் 1830-களில் கட்டிய வளைவுப் பாலம் ஒன்று இன்றும் நிற்கின்றது. பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் அவ்வழியாக எத்தனையோ தடவை சென்றிருக்கின்றேன். செய்தியைத் தேடி ஓடும் அவசரத்தில் பாலத்தை நின்று பார்த்ததில்லை. அதன் மீது ஒரு காலத்தில் எதைச் சுமந்த வண்டிகள் சென்றன என்று எண்ணிப் பார்த்தது ஓய்வுபெற்ற பின்னர்தான்.

அவ்வண்டிகள் சுமந்தது கோப்பி. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1820-இல் தொடங்கிய கொழும்பு - கண்டி வீதி முதலில் படை நகர்வுக்காகவே திட்டமிடப்பட்டது. ஆயினும் அதே பார்ன்ஸ் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். மற்றத் துரைமாரும் அவரைப் பின்பற்றினர். 1840-களில் மலைக்காடுகள் வேகமாக அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் ஆயின. 1867-இல் கண்டிக்கு ரயில் வரும் வரை அந்த விளைச்சலின் பெரும்பகுதி மாட்டு வண்டிகளில் இந்த மலைச்சரிவில் இறங்கி, இந்த ஆற்றைக் கடந்தே கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது. மாவனல்லையிலிருந்து பார்த்தால் தெரியும் உதுவன்கந்தைக் குன்றைத் தன் மறைவிடமாகக் கொண்ட சரதியேல் என்னும் கொள்ளையனின் கதைகள் இந்த வீதியைச் சுற்றியே எழுந்தன. 1864-இல் அவன் கண்டியில் தூக்கிலிடப்பட்டான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாவனல்லைப் பக்கத்து இறப்பர் தோட்டம் ஒன்றில், பால்வெட்டுத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். லயத்தின் பின்புறத்தில் மிளகுக் கொடி, பலா, கராம்பு ஆகியவற்றோடு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த ஒரு கோப்பிச் செடியும் நின்றது. கிளை முழுவதும் காய். இலையொன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்புறத்தில் மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த பொடியாக மூன்று நான்கு புள்ளிகள் தெரிந்தன. விரலால் தடவியபோது மாவு போல ஒட்டிக்கொண்டது. "இது நோய் அல்லவா?" என்று கேட்டேன். "அது எப்பவும் கொஞ்சம் இருக்கும் ஐயா. மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. இது வேற கோப்பிங்க" என்றார் அவர்.

இலங்கையின் வரலாற்றைத் திருப்பிப் போட்ட நோயை நான் முதன்முதலாக விரலால் தொட்டது அன்றுதான். ஒரு காலத்தில் தோட்டங்களை மொட்டையாக்கிய அந்தப் பங்கசு இந்தச் செடியின் இலையில் சில புள்ளிகளோடு நின்றுவிட்டது ஏன் என்ற கேள்வியோடு வீடு திரும்பினேன். அதற்கான விடையை அவர் "வேற கோப்பி" என்ற இரண்டு சொற்களில் சொல்லிவிட்டார் என்பது பின்னர் படித்தபோது புரிந்தது.

1869-ஆம் ஆண்டில் ஊவாவின் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைற்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசு இயலில் அக்காலத்தில் பெரும் பெயர் பெற்றிருந்த பாதிரியார் பார்க்லி அவற்றை ஆராய்ந்து, அதே ஆண்டில் 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். அதன் வித்திகள் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் முள்முள்ளாகவும் இருக்கும். 'ஹெமிலியா' என்பது அந்தப் பாதி வழவழப்பைக் குறிக்கும்; 'வஸ்டாட்ரிக்ஸ்' என்றால் பாழாக்குவது. துரைமார் அதற்கு 'பாழாக்கும் எமிலி' என்று செல்லப்பெயர் வைத்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நெடுங்காலம் நீடிக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு தற்செயலைக் குறிப்பிட வேண்டும். ஆபிரகாம் ஜோசப் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' அச்சேறியதும் அதே 1869-ஆம் ஆண்டில்தான். கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மிப் பாட்டாகச் சொல்லும் அந்நூலை மலையக இலக்கியத்தின் தொடக்கப் படைப்புகளுள் ஒன்றாக ஆய்வாளர் கொள்வர். கோப்பியைப் பாடும் தமிழ் நூல் வெளிவந்த வேளையில் கோப்பியின் முடிவும் ஒரு மலைத்தோட்டத்தில் தொடங்கிவிட்டிருந்தது.

தொடக்கத்தில் எவரும் கலங்கவில்லை. இலை உதிர்ந்தாலும் மரம் உடனே மடிவதில்லை. அடுத்த மழைக்கு மீண்டும் தளிர்க்கும். உலகச் சந்தையில் கோப்பியின் விலையும் 1870-களில் ஏறியது. விளைச்சல் குறையக் குறையப் புதுக் காடுகளை வெட்டிப் பரப்பைக் கூட்டினார்கள். 1878-இல் கோப்பி நிலம் ஏறத்தாழ 275,000 ஏக்கரை எட்டியது. ஆனால் உதிர்ந்து தளிர்க்கும் ஒவ்வொரு தடவையும் மரம் தன் சேமிப்பை இழந்துகொண்டிருந்தது. 1870-இல் சுமார் 10 கோடி இறாத்தலாக இருந்த ஏற்றுமதி, 1889-இல் சுமார் 50 இலட்சம் இறாத்தலாகச் சுருங்கியது. இருபதில் ஒரு பங்கே எஞ்சியது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884 மே மாதத்தில் வீழ்ந்தது.

அரசாங்கம் 1880-இல் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளரை வரவழைத்தது. இரண்டு ஆண்டுகள் அவர் தோட்டங்களில் தங்கி ஆராய்ந்தார். பிசுபிசுப்பான திரவம் பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் வரும் வித்திகளைப் பிடித்துக் காட்டினார். ஈரமான இலையில் விழுந்த வித்தி முளைத்து, இலைத்துளை வழியாக உள்ளே நுழைந்து, இழைகளைப் பரப்பி, சில வாரங்களில் மீண்டும் வெளியே வந்து பொடியாகக் கொட்டுவதை ஒவ்வொரு படியாக விளக்கினார். ஒரே செடியை இடைவெளியின்றி மலைமலையாக நட்டதே பங்கசுக்கு விருந்தாயிற்று என்பதையும் சுட்டினார். தோட்டக்காரர் எதிர்பார்த்தது மருந்து. அவரிடம் அது இருக்கவில்லை.

இனி அந்த முதியவர் சொன்ன "வேற கோப்பி"க்கு வருவோம்.

இலங்கை மலைகளில் நடப்பட்டது அராபிக்கா என்னும் இனம். அதன் தாயகம் எத்தியோப்பியா. அங்கிருந்து யேமனுக்குச் சென்று, யேமனிலிருந்து உலகெங்கும் பரவியது. கோப்பி இந்நாட்டுக்கு ஒல்லாந்தருக்கு முன்னரே வந்துவிட்டது. அக்காலச் சிங்கள மக்கள் அதன் பூவை விகாரையில் வைத்தனர், இலையைக் கறிக்குப் பயன்படுத்தினர், கொட்டையைப் பொருட்படுத்தவில்லை. யேமன் வழியாக வந்த சில செடிகளின் வாரிசுகளே எங்கும் நடப்பட்டமையால் அவை ஏறத்தாழ ஒரே குணம் கொண்டவையாக இருந்தன. அராபிக்கா தன் மகரந்தத்தையே ஏற்றுக் காய்ப்பதால் வேறுபாடு தோன்றவும் வாய்ப்புக் குறைவு. ஒரு செடி தாங்காத நோயைப் பக்கத்துச் செடியும் தாங்கவில்லை. மடுல்சீமைச் செடி தாங்காததைக் கண்டிச் செடியும் தாங்கவில்லை.

லயத்தின் பின்புறம் நான் கண்டது ரொபஸ்டா. மத்திய, மேற்கு ஆபிரிக்காவின் தாழ்நிலக் காடுகளைச் சேர்ந்த இனம். பங்கசு அதன் இலைக்குள் நுழையும்போது, நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் விரைவாகத் தாமே மடிகின்றன. இந்தப் பங்கசு உயிருள்ள இலையில் மட்டுமே வாழக்கூடியது. ஆகவே சுற்றிலும் இறந்த இழையத்தால் சூழப்பட்டதும் அது பட்டினியால் ஒடுங்குகின்றது. ரொபஸ்டா பிற செடியின் மகரந்தத்தால்தான் காய்க்கும். எனவே ஒவ்வொரு விதையும் சற்றே வேறுபட்ட செடியாகின்றது. ஒன்றில் சில புள்ளிகள் தோன்றலாம். அடுத்ததில் ஒன்றும் இராது. தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வீழ்வதில்லை.

மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. நோய் பரவிய 1870-களிலேயே கியூ பூங்கா வழியாக லைபீரிக்கா என்னும் இனத்தை இலங்கைக்குக் கொண்டுவந்து தாழ்நிலங்களில் நட்டுப் பார்த்தார்கள். முதலில் அது தாங்குவதாகத் தோன்றியது. பின்னர் அதன் இலைகளிலும் பொடி கண்டது. பெரிய காயும் தடித்த தோலும் பதனிடுவதைக் கடினமாக்கின; அது வணிகப் பயிராக நிலைக்கவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. கர்நாடகத்தின் பாலெஹொன்னூரில் 1925-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில், லைபீரிக்காவின் இரத்தம் கலந்த அராபிக்காச் செடியொன்றிலிருந்து எஸ்.795 என்னும் இனம் உருவாக்கப்பட்டது. தென்னிந்தியாவின் அராபிக்காத் தோட்டங்களைப் பல பத்தாண்டுகள் தாங்கி நின்ற இனம் அது. அதன் எதிர்ப்பாற்றலுக்குக் காரணமான மரபணு லைபீரிக்காவிடமிருந்து வந்தது. இலங்கையில் பயனற்றது என்று கைவிடப்பட்ட இனம், கடலுக்கு அப்பால் வேறொரு செடியின் உடலில் தங்கித் தன் கடமையைச் செய்தது.

ஒல்லாந்தர் ஜாவாவில் இதே நோயைச் சந்தித்து, லைபீரிக்காவை முயன்று தோற்று, 1900 அளவில் ரொபஸ்டாவுக்கு மாறினர். இலங்கைத் துரைமார் அதுவரை காத்திருக்கவில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலையின் பக்கம் அவர்கள் திரும்பிவிட்டிருந்தனர். ரொபஸ்டா பின்னர் வந்து, பெருந்தோட்டத்தில் அல்லாமல், கேகாலை, கண்டி, மாத்தளை மாவட்டங்களின் வீட்டுத் தோட்டங்களில் இடம் பிடித்தது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது, முற்றிலும் வேறொரு உலகிலிருந்து இதே கதையை மீண்டும் கண்டேன். 2006-இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலக் குகையொன்றில், குளிர்காலத் துயிலில் இருந்த வௌவால்களின் மூக்கில் வெள்ளைப் பூஞ்சை படிந்திருந்தமை படமெடுக்கப்பட்டது. குளிரை விரும்பும் ஒருவகைப் பங்கசு அது. துயிலும் வௌவாலின் உடல் குகையளவுக்குக் குளிர்ந்துவிடும், நோயெதிர்ப்பும் தணிந்திருக்கும். பங்கசு தோலைத் தின்னத் தொடங்க, வௌவால் அடிக்கடி விழித்தெழுகின்றது. ஒவ்வொரு விழிப்பிலும் குளிர்காலத்துக்கென்று சேர்த்த கொழுப்பு கரைகின்றது. பூச்சிகள் பறக்கும் வசந்தம் வருமுன்னரே அது பட்டினியால் இறக்கின்றது. பத்தாண்டுகளுக்குள் சின்னப் பழுப்பு வௌவால், வடக்கு நெடுஞ்செவி வௌவால், முந்நிற வௌவால் ஆகிய மூன்று இனங்களும் நோய் பரவிய இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன.

அதே நாட்டில், அதே பங்கசைச் சந்தித்த பெரும் பழுப்பு வௌவால் பெரிதும் தப்பியது. அதன் உடல் பெரிது, சேமிப்பு அதிகம், தோலில் பங்கசு குறைவாகவே வளர்கின்றது. ஐரோப்பாவின் பெருஞ்செவி வௌவால்களின் மீதும் இதே பங்கசு காணப்படுகின்றது. அங்கே கூட்டம் கூட்டமான சாவு இல்லை. நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்து ஒன்றையொன்று பழகிய உயிர்கள் அவை. அமெரிக்க வௌவாலுக்கு அந்தப் பங்கசு முன்பின் அறியாத விருந்தாளி. நமது தீவின் வௌவால்கள் அவ்வாறு குளிர்காலம் முழுவதும் துயில்வதில்லை என்பதால் இந்த நோய் குறித்து நாம் அஞ்ச வேண்டியதில்லை.

கோப்பியிலும் இதுவே நடந்தது. எத்தியோப்பியக் காட்டில் கோப்பிச் செடியும் இப்பங்கசும் நிழலில், பல மரங்களுக்கிடையே, இன்றும் ஒன்றாக வாழ்கின்றன. தாயகத்தை விட்டு வந்த செடி, அதன் நோய் பின்தொடர்ந்து வந்தபோது, தற்காக்கும் காடும் இன்றி, வேறுபட்ட உறவினரும் இன்றி நின்றது. பங்கசின் வலிமையை மட்டும் பார்த்தால் அழிவின் அளவு விளங்காது. எதிரே நின்றது எது, எப்படி நின்றது என்பதையும் பார்த்தால்தான் விளங்கும்.

செடிகளைப் பற்றி இவ்வளவு எழுதிய பின்னர், அச்செடிகளை நட்டவர்களைப் பற்றி எழுதாமல் விட முடியாது.

கோப்பித் தோட்டத்தில் கூடுதலான ஆட்கள் தேவைப்பட்டது பழம் பறிக்கும் மாதங்களில்தான். திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து தமிழர் கங்காணிமாரின் கீழ்த் திரண்டு, கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். ஒரு பகுதியினர் அக்காலத்திலேயே தங்கிவிட்டனர். கோப்பி வீழ்ந்தபோது துரைமார் பலர் வங்குரோத்தாகி நாட்டை விட்டுச் சென்றனர். அவர்களோடு தொழிலாளரின் மாதக்கணக்கான நிலுவைக் கூலியும் போயிற்று. வங்கியின் வீழ்ச்சிக்கு ஆவணம் உண்டு. அந்தக் கூலிக்குக் கணக்கெழுதியவர் இல்லை.

அடுத்து வந்த தேயிலை, ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய பயிர். வந்து போகும் ஆட்கள் அதற்குப் போதவில்லை. குடும்பம் குடும்பமாகத் தங்கும் ஆட்கள் வேண்டியிருந்தது. அவ்வாறு தங்கியோரின் பேரப்பிள்ளைகளையே 1948-இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பிரித்தது. 150,000 பேரின் தலைவிதியைப் பின்னர் பார்ப்போம் என்று விட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலைக்குச் சட்டப்படி முடிவு வந்தது 2003-இல். இத்தனைக்கும் பங்கசே காரணம் என்று நான் சொல்லவில்லை. சட்டங்களை இயற்றியவர்கள் மனிதர்கள். ஆயினும் வந்துபோன ஒரு மக்கள் கூட்டத்தை நிலைகொண்ட கூட்டமாக்கிய பயிர் மாற்றம் இந்தச் செம்மஞ்சள் பொடியிலிருந்து தொடங்கியது என்பதை மறுக்க முடியாது. எந்த இனத்தை நடுவது என்று அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. நட்ட இனம் வீழ்ந்தபோது அதன் விலையைக் கொடுத்தவர்களில் அவர்களே முதல்வர்கள்.

பழங்கதை என்று இதை மூடி வைக்கவும் முடியவில்லை. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் வந்தது. 1876-இல் கியூ வழியாகக் கனேறத்தகொடைக்கு வந்துசேர்ந்த பிரேசில் கன்றுகளே அதற்கு மூலம். இறப்பரில் உயர்ந்த இனமொன்றைத் தேர்ந்து, ஒட்டுக் கட்டி, ஒரே மரத்தின் பிரதிகளாகத் தோட்டம் முழுவதும் நடுவது வழக்கம். நமது இறப்பர் ஆராய்ச்சி நிறுவகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.சி. 103 அவ்வாறு நடப்பட்ட உயர் விளைச்சல் இனம். 1985 அளவில் கொரினஸ்போரா என்னும் பங்கசு அதன் இலைகளை உதிர்த்தது. அதே மண்ணில், அதே மழையில் ஆர்.ஆர்.ஐ.சி. 100, 121 முதலிய இனங்கள் நின்றன. 103 நின்ற ஆயிரக்கணக்கான ஹெக்டேயர் நிலத்தில் மரங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன. 2019-இல் பெஸ்டலோட்டியொப்சிஸ் என்னும் மற்றொரு பங்கசு இறப்பர் மாவட்டங்களில் இலையுதிர்வை உண்டாக்கியபோது, கொரினஸ்போராவைத் தாங்கிய இனங்களும் அதற்கு இலக்காயின.

எதிர்ப்பாற்றல் என்பது ஒரு தடவை பெற்று என்றும் வைத்துக்கொள்ளும் சொத்தன்று. மைசூரில் 1911-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட கென்ட் கோப்பி சில ஆண்டுகள் நோயின்றி நின்றது. பின்னர் பங்கசின் புது வகை தோன்றி அதையும் பிடித்தது. திமோர் தீவில் 1927-இல் கண்டெடுக்கப்பட்ட இயற்கைக் கலப்புச் செடி, அராபிக்காவுக்கும் ரொபஸ்டாவுக்கும் பிறந்தது. அதன் வழிவந்த இனங்கள் உலகெங்கும் நடப்பட்டன. அவற்றுள் ஒன்றான லெம்பிரா, மத்திய அமெரிக்க ஹொண்டூராஸில் நோய் தாங்கும் இனம் என்று பெருமளவில் நடப்பட்டு, 2017-இல் அந்த ஆற்றலை இழந்தது.

பால்வெட்டுக்குப் போகிறவருக்கு இலையுதிர்ந்த மரம் என்றால் குறைந்த பால்; குறைந்த பால் என்றால் குறைந்த சம்பளம். எந்த இனத்தை நடுவது என்பது நிறுவகங்களும் கம்பனிகளும் எடுக்கும் முடிவு. அம்முடிவு பிழைத்தால் அது முதலில் தெரியும் இடம் லயத்து அடுப்பு. 1880-களிலிருந்து இதில் பெரிய மாற்றமொன்றையும் நான் காணவில்லை. ஆகவே புதுக்கன்று நடும்போது ஒரே இனத்தை நம்பாமல் பல இனங்களைக் கலந்து நடவேண்டும் என்று ஆராய்ச்சியாளர் சொல்லும் அறிவுரையை வெறும் பயிர்ச்செய்கைக் குறிப்பாக எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். அது கூலியைப் பற்றிய செய்தியும்கூட.

அன்று விடைபெறும்போது அம்முதியவர் கோப்பிக்கொட்டையை ஒரு தாளில் பொதிந்து கொடுத்தார். மிளகு விலை இறங்கினால் கராம்பு கைகொடுக்கும், அதுவும் பொய்த்தால் பலாக்காய் இருக்கும், கோப்பி வீட்டுச் செலவுக்கு என்றார். அந்தப் பத்தடி அகல நிலத்தில் அவர் தாமே தெரிந்து நட்ட மரங்கள் அவை. சுற்றியிருந்த நூற்றுக்கணக்கான ஏக்கரில் அவர் தெரிந்து நட்ட மரம் ஒன்றேனும் இருக்கவில்லை.